வயர் இல்லாத பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 68. இதயத் துடிப்பு குறைந்து அடிக்கடி மயங்கி விழுந்ததால் சில வருடங்களுக்கு முன் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அந்த இடம் சீழ் பிடித்ததால் போன வருடம் அதை எடுத்துவிட்டு, மதுரையில் தொடை வழியாக வயர் இல்லாத பேஸ்மேக்கர் வைத்தார்கள். கார்டில் மைக்ரா ஏவி என்று போட்டிருக்கிறது. இப்போது இடுப்பு வலி, இடது கால் மரத்துப் போகிறது. எலும்பு டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். ஒரு ஸ்கேன் சென்டரில், "பேஸ்மேக்கர் இருந்தா எடுக்க மாட்டோம், கழற்றிட்டு வாங்க" என்றார்கள். இன்னொரு இடத்தில், "வயர் இல்லாததுதானே, நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். யாரை நம்புவது? அப்பா மறுபடியும் போட்டுக்குப் போக வேண்டும் என்று நிற்கிறார். இன்ஜின், வெல்டிங் பக்கம் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு இடத்திலும் சொன்னது தவறு. அப்பாவுக்கு எம்ஆர்ஐ எடுக்க முடியும். ஆனால் நாளைக்கே போய்ப் படுத்துவிட முடியாது. நடுவில் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் சிறுநீர் வராமல் நின்றாலோ, தன்னையறியாமல் போனாலோ, மலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப் போனாலோ, காலைத் தூக்கி வைக்க முடியாமல் பாதம் தொங்கினாலோ, கீழே நான் எழுதியிருக்கும் எதற்கும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போய்விடுங்கள். முதுகுத்தண்டின் அடியில் நரம்புக்கட்டு நசுங்குவதன் அடையாளங்கள் அவை. அங்கே தேவைப்பட்டால் முதலில் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். சிடிக்கு பேஸ்மேக்கர் தடையில்லை.

அந்த அடையாளங்கள் இல்லையென்றால் நிதானமாக ஏற்பாடு செய்யலாம்.

கழற்றிவிட்டு வரச் சொன்னவர்களின் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். அப்பாவுக்கு வைத்திருப்பது 26 மில்லிமீட்டர் நீளமும் 7 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனும் உள்ள குப்பி. எடை 2 கிராமுக்குள். இதயத்தின் வலது கீழறைச் சுவரில், நிக்கல்-டைட்டானியம் கம்பியாலான நாலு சின்னக் கொக்கிகளால் பிடித்துக்கொண்டிருக்கிறது. வைத்து ஒரு வருடம் ஆன குப்பியைச் சுற்றி நார்த்திசு வளர்ந்திருக்கும். ஸ்கேன் எடுப்பதற்காக அதை வெளியே எடுப்பது எம்ஆர்ஐயை விடப் பல மடங்கு ஆபத்தான வேலை. அதற்கு எந்த அவசியமும் இல்லை. இந்த வகைக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதே 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு) இரண்டிலும் எம்ஆர்ஐ எடுக்கலாம் என்ற தகுதியோடுதான் வந்தது. 2020-ல் வந்த ஏவி மாடலுக்கும் அது உண்டு.

பேஸ்மேக்கர் என்றதும் மறுப்பது பழைய காலத்துப் பழக்கம். நிபந்தனையோடு எம்ஆர்ஐ எடுக்கத்தக்க பேஸ்மேக்கருக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்ததே 2011-ல்தான். அதற்கு முன்பு படித்து வேலைக்கு வந்தவர்கள் பலர் இன்னமும் அதே விதியை வைத்திருக்கிறார்கள். அவர்கள் பயப்படுவதாவது நோயாளியைக் காப்பாற்றும் பக்கம் நிற்கிறது. எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவது சென்டர்.

ஏன் என்று சொல்கிறேன். எம்ஆர்ஐ மெஷின் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. பெரிய காந்தம் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. படம் எடுக்கும்போது ரேடியோ அலை உடம்புக்குள் போகிறது. கூடவே இன்னொரு காந்தப்புலம் வேகமாக ஏறி இறங்குகிறது, டமடமவென்று கேட்கும் சத்தம் அதனால்தான். சாதாரண பேஸ்மேக்கரில் ஆபத்து பெரும்பாலும் ரேடியோ அலையால் வருவது. தோளிலிருந்து இதயம் வரை போகும் வயர் அரை மீட்டருக்கு மேல் நீளம். போட்டில் வயர்லெஸ் செட்டுக்கு நிற்கும் ஏரியல் மாதிரி அது அலையை வாங்கி, நுனியில் இதயச் சதையைச் சூடாக்கும். 1.5 டெஸ்லா மெஷினின் ரேடியோ அலை சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். உடம்புக்குள் அதன் அலைநீளம் அரை மீட்டர் அளவு. வயரும் கிட்டத்தட்ட அதே அளவில் இருப்பதுதான் சிக்கல். 26 மில்லிமீட்டர் குப்பி அந்த அலையை வாங்கும் நீளமே இல்லை. அதனால் சூடாவது மிகக் குறைவு. வயர் இல்லாத கருவியின் பெரிய நன்மை இது, இதுவரை அந்த சென்டர்காரர் நினைப்பது சரி.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு முன்பு வயர் இருந்தது. அதை அவர் கேட்கவே இல்லை.

சீழ் பிடித்து பேஸ்மேக்கரை எடுக்கும்போது பெட்டியோடு வயரையும் முழுதாக எடுக்கத்தான் பார்ப்பார்கள். சில வருடம் ஆன வயர் ரத்தக்குழாயின் சுவரோடு ஒட்டிப் போயிருக்கும். இழுத்தால் குழாய் கிழியலாம் என்ற நிலையில் சில பேருக்கு நுனியோ ஒரு துண்டோ உள்ளேயே நின்றுவிடுகிறது. மைக்ராவின் எம்ஆர்ஐ நிபந்தனைகளில் ஒன்று, உடம்பில் கைவிடப்பட்ட வயரோ அதன் துண்டோ இருக்கக் கூடாது என்பது. பெட்டியோடு சேராமல் தனியே கிடக்கும் வயர் சில நேரம் பெட்டியில் மாட்டிய வயரை விட அதிகம் சூடாகும். அப்படி ஒரு துண்டு இருந்தால் அப்பாவின் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர் நிபந்தனைக்கு வெளியே போய்விடுகிறார்.

ஆகவே உங்கள் முதல் வேலை ஸ்கேன் சென்டரைத் தேடுவது அல்ல. கருவியை எடுத்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதில் வயர் முழுவதும் அகற்றப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தாலும் புதிதாக ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ராமநாதபுரத்திலேயே எடுக்கலாம். நேராக நின்று ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. காலர் எலும்புக்குக் கீழிருந்து வயிற்றின் மேல்பகுதி வரை படத்தில் தெரிய வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். இதயத்தின் நிழலுக்குள் விரல்கணு அளவு குப்பி தெரியும். அதைத் தவிர வெள்ளைக் கோடு எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அது எந்த வயர், எவ்வளவு நீளம் என்று இதயத் துடிப்பு நிபுணர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வயர் துண்டு உள்ளவர்களுக்கும் 1.5 டெஸ்லாவில், தேவை மிக அதிகமாக இருக்கும்போது, கண்காணிப்போடு எடுக்கும் பெரிய மையங்கள் உண்டு. அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. தெருமுனை சென்டர் எடுக்கும் முடிவு அல்ல.

வயர் இல்லை என்று உறுதியானபின் அடுத்தது, கருவியின் மோடை மாற்றுவது. இதைச் செய்யாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பேஸ்மேக்கர் சும்மா அடித்துக்கொண்டே இருக்கும் கருவி இல்லை. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும். துடித்தால் பேசாமல் இருக்கும், இல்லையென்றால் அடிக்கும். எம்ஆர்ஐ மெஷினின் மின் இரைச்சலை அது இதயத் துடிப்பு என்று நினைத்து அடிப்பதை நிறுத்திவிடலாம். சொந்தத் துடிப்பே இல்லாத ஆளுக்கு அது சில நொடியில் மயக்கம். இன்னொரு பக்கம், மைக்ராவுக்குள் அசைவை உணரும் சென்சார் ஒன்று இருக்கிறது. நடக்கும்போது துடிப்பைக் கூட்டுவது அதுதான். ஏவி மாடல் மேலறை சுருங்குவதைக் கண்டுபிடிப்பதும் அந்த சென்சாரை வைத்தே. மெஷினின் அதிர்வு அதைக் குழப்பலாம். இதனால்தான் ஸ்கேனுக்கு முன் எம்ஆர்ஐ மோடுக்கு மாற்றுகிறார்கள்.

அந்த மோடில் இரண்டு வழி உண்டு. அப்பா மாதிரி மயங்கி விழுந்து கருவி வைத்தவர்கள் பலர் கருவியையே நம்பி இருப்பார்கள். அவர்களுக்கு வெளியிலிருந்து வரும் எதையும் கேட்காமல் ஒரே வேகத்தில் அடிக்கும்படி வைப்பார்கள். சொந்தத் துடிப்பு நன்றாக இருப்பவர்களுக்கு அடிப்பதையே நிறுத்திவிட்டு எடுப்பார்கள். எது பொருந்தும் என்பதை அன்றைக்கு கருவியைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரே வேகத்தில் அடிக்கும் மோடில் மேலறையும் கீழறையும் சேர்ந்து ஓடாது. அப்பாவுக்கு நெஞ்சில் படபடவென்றோ லேசாகத் தலை சுற்றுவது போலவோ இருக்கலாம். முன்பே சொல்லி வையுங்கள், பயந்து அசைந்தால் படம் கெட்டுவிடும்.

மோடை மாற்ற, பேஸ்மேக்கரைத் தயாரித்த கம்பெனியின் புரோகிராமர் கருவி வேண்டும். லேப்டாப் போல இருக்கும், அதோடு இணைந்த பட்டையை நெஞ்சின் மேல் வைத்துப் பேசுவார்கள். வேறு கம்பெனியின் புரோகிராமர் பேசாது. சாதாரண பேஸ்மேக்கருக்குச் செய்வது போல மேலே ஒரு காந்தத்தை வைத்து மாற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மைக்ராவுக்குள் காந்தத்தை உணரும் பாகமே கிடையாது. இதே காரணத்தால் பின்னால் எப்போதாவது கரண்ட் வைத்துக் கருக்கி அறுவை செய்ய நேர்ந்தால், அங்கேயும் காந்தம் பலிக்காது, புரோகிராமர்தான் வர வேண்டும் என்று மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் பழைய மோடுக்குத் திருப்ப வேண்டும். தானாகத் திரும்பிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. எம்ஆர்ஐ மோடிலேயே வீட்டுக்கு வந்தால், இதயம் தானாகத் துடிக்கும் நேரத்திலும் கருவி குறுக்கே அடிக்கும். தவறான கணத்தில் விழும் ஒரு அடி, அபூர்வமாக, ஆபத்தான துடிப்புக் கோளாறைக் கிளப்பக்கூடும். பாட்டரியும் வீணாகும். திருப்பியபின் அடிக்கத் தேவையான மின் அளவு, உணரும் திறன், மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, பாட்டரி இவை ஸ்கேனுக்கு முன் இருந்தது போலவே இருக்கின்றனவா என்று சோதித்து இரண்டு பிரிண்ட் கொடுப்பார்கள், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றும் வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. 2017-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், எம்ஆர்ஐக்கென்று வடிவமைக்கப்படாத பழைய வகைக் கருவிகள் வைத்தவர்களுக்கு 1.5 டெஸ்லாவில் நெஞ்சைத் தவிர மற்ற இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். பேஸ்மேக்கரோடு 1000 ஸ்கேன், உடம்புக்குள் வைத்து, மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும் கருவியோடு 500. ஸ்கேனின்போது ஒருவர்கூட இறக்கவில்லை, வயரும் பழுதாகவில்லை. உடனே மாற்ற வேண்டியதான ஒரே கருவி, ஸ்கேனுக்கு முன் விதிப்படி மாற்றி வைக்கப்படாத ஒன்று.

எங்கே எடுப்பது என்று கேட்டால், கருவியை வைத்த மதுரை ஆஸ்பத்திரியிலேயே எடுங்கள் என்பேன். எம்ஆர்ஐ மெஷின் ராமநாதபுரம் பக்கமே கிடைத்தாலும், புரோகிராமரும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் பக்கத்தில் இருக்க வேண்டும். மதுரையில் மோடை மாற்றிவிட்டு, இங்கே வந்து ஸ்கேன் எடுத்து, திரும்பவும் மதுரைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அத்தனை மணி நேரம் அப்பா அந்த மோடில் ரோட்டில் இருக்கக் கூடாது. இடுப்பு வலியோடு பாம்பன் பாலம் தாண்டி அவ்வளவு தூரம் உட்கார்ந்து போவது கொடுமைதான், ரயிலில் போனால் நடுவில் எழுந்து நிற்கவாவது முடியும். ஆனால் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். இதய டிபார்ட்மெண்டுக்கு முதலில் போன் செய்து, கம்பெனி டெக்னீஷியன் எந்த நாள் வருவார் என்று உறுதி செய்துகொண்டு, அந்த நாளுக்கு எம்ஆர்ஐ நேரம் வாங்குங்கள். எல்லோரும் செய்வது இதற்குத் தலைகீழ். ஸ்கேன் நேரத்தை வாங்கிவிட்டு ஆளுக்கு அலைவார்கள்.

போன் செய்யும்போது மெஷின் எத்தனை டெஸ்லா என்றும் கேளுங்கள். 1.5 அல்லது 3 என்று பதில் வர வேண்டும். சில ஊர்களில் பக்கவாட்டில் திறந்த, 0.3 அல்லது 0.4 டெஸ்லா மெஷின்கள் இருக்கின்றன. காந்தம் குறைவு என்பதால் அதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். கருவியின் நிபந்தனை சோதித்துப் பார்த்த மெஷின்களுக்கு மட்டுமே பொருந்தும். குறைந்த காந்த மெஷினில் ரேடியோ அலையின் அளவே வேறு. அந்தப் பட்டியலில் அது இல்லை.

அன்றைக்குக் கொண்டுபோக வேண்டியவை: கருவியின் கார்டு, இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரிகள், நெஞ்சு எக்ஸ்ரே, எலும்பு டாக்டரின் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். அப்பாவின் எடையை அங்கேயே மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள், வாயால் ஒரு கணக்குச் சொல்லாதீர்கள். ரேடியோ அலையை எவ்வளவு விடலாம் என்பதை எம்ஆர்ஐ மெஷின் எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறது. 55 கிலோ ஆளுக்கு 70 என்று போட்டால் கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும்.

கடல் வேலை பார்த்தவர் என்பதால் இன்னும் இரண்டு கேள்வி. தூண்டில் முள் நுனி உடைந்து கையிலோ காலிலோ உள்ளேயே நின்றது உண்டா? போட்டின் இரும்பு பாகங்களைக் கிரைண்டரால் தேய்க்கும்போது கண்ணில் துகள் பட்டது உண்டா? பட்டிருந்தால் ஸ்கேனுக்கு முன் அந்த இடத்துக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், குறிப்பாகக் கண்ணுக்கு. கண்ணுக்குள் இருக்கும் இரும்புத் துகள் காந்தத்தில் நகர்ந்தால் பார்வையே போகலாம். இந்தக் கரையில் பேஸ்மேக்கரை விட இதுதான் அதிகம் விட்டுப்போகும் கேள்வி. அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, கழுத்துச் சிலுவை, வெள்ளி மோதிரம், பல்செட், மருந்துப் பட்டை எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். கூடப் போகிறவர்களும் சாவி, போன், கத்தி எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியோடு வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போய் உயிரிழந்தார்.

ஸ்கேன் நடக்கும்போது அப்பாவின் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டியிருக்க வேண்டும். காந்தத்துக்குள் ஈசிஜி கோணலாகத் தெரியும், விரலில் வரும் நாடி அலைதான் நம்பகமான சாட்சி. அவசர சிகிச்சை தெரிந்த டாக்டர் ஒருவரும், அதிர்ச்சி கொடுக்கும் மெஷினும் அறைக்கு வெளியே தயாராக இருக்க வேண்டும். இவை உண்டா என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள். இடுப்புக்கு எடுக்கும் படம் அரை மணி நேர வேலை. குப்பி இதயத்தில் இருப்பதால் இடுப்புப் படத்தை அது கெடுக்காது. இதயத்தையே எடுக்க வேண்டிவந்தால் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் கறுப்பாக விழும்.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. வயர் இல்லாத கருவி வைத்தவருக்கு வெளியே எந்த அடையாளமும் இருக்காது, தோலுக்குக் கீழே மேடும் தெரியாது. உங்கள் அப்பாவுக்கு நிலைமை இன்னும் மோசம். பழைய தழும்பு இருக்கிறது, தொட்டுப் பார்த்தால் பெட்டி இல்லை. நினைவில்லாமல் கொண்டுவந்தால், "முன்னாடி இருந்திருக்கு, எடுத்துட்டாங்க" என்று முடிவுகட்டி நேரே எம்ஆர்ஐக்குத் தள்ளிவிடுவார்கள். கார்டை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் காகிதம் ஒரு மாதம் தாங்காது. படம் எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வையுங்கள். மாடல் பெயர், சீரியல் எண், வைத்த தேதி, ஆஸ்பத்திரி நாலும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். கார்டு தொலைந்தால் வைத்த ஆஸ்பத்திரியில் கேட்டு மறுபடி வாங்கலாம். அக்கம்பக்கத்தில் வேறு யாருக்காவது வயர் இல்லாத கருவி இருந்தால், அது அவெய்ர் என்ற வேறு கம்பெனிக் கருவியாகவும் இருக்கலாம். அதற்கும் நிபந்தனையோடு எம்ஆர்ஐ தகுதி உண்டு. ஆனால் புரோகிராமர் வேறு, விதிகள் வேறு, இரண்டு குப்பி வைத்தவர்களும் இருப்பார்கள். அப்பாவுக்குச் செய்ததை அப்படியே அவருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, போட். இடுப்புக்கு என்னவென்று தெரியும் வரை வலை இழுக்கவோ ஐஸ் பெட்டி தூக்கவோ விட வேண்டாம், அது பேஸ்மேக்கருக்காக அல்ல. கருவியைப் பொறுத்தவரை ஓடும் இன்ஜினின் ஆல்டர்னேட்டர் மேல் நெஞ்சைச் சாய்த்து வேலை பார்க்கக் கூடாது, ஒரு அடி இடைவெளி போதும். வயர்லெஸ் செட், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், செல்போன் எல்லாம் வழக்கம்போலப் பயன்படுத்தலாம். வெல்டிங்கை முடிந்தவரை வேறு ஆளுக்கு விடுங்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் 160 ஆம்பியருக்குக் கீழே, தீப்பொறிக்கும் நெஞ்சுக்கும் குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி, காய்ந்த கையுறையோடு, ஈரத் தரையில் நிற்காமல். கேபிள்களை உடம்பில் சுற்றிக்கொள்ளக் கூடாது. தலை சுற்றினால் உடனே கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அங்கிருந்து நகர வேண்டும். நகர்ந்ததும் சரியாகிவிட்டால்கூட அந்த வாரமே கருவியைச் சோதிக்க வேண்டும். தனியாக வள்ளத்தில் போவதை மட்டும் இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். மோடு திருப்பிய பின் எடுத்த அந்தப் பிரிண்டை இதய டாக்டர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு போகட்டும்.